எஃப்.ஏ. கோப்பை: தோற்றால் வெளியே, அவ்வளவுதான்

2013 மே 11, சனிக்கிழமை. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்துக் கால்பந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி. ஒரு பக்கம் மான்செஸ்டர் சிட்டி, முந்தைய சீசனின் பிரீமியர் லீக் சாம்பியன், காசுக்குப் பஞ்சமே இல்லாத கிளப். இன்னொரு பக்கம் விகன் அத்லெட்டிக், அதே லீகின் அடிமட்டத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த அணி. 90 நிமிடம் முடிந்து கடைசி நொடிகள் ஓடிக்கொண்டிருந்தபோது பென் வாட்சன் கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் திருப்பிவிட, 1-0. வாட்சன் காலுடைந்து பல மாதம் ஆடாமல் இருந்துவிட்டுத் திரும்பியவர், அன்றைக்கும் மாற்று ஆட்டக்காரராகத்தான் இறங்கியிருந்தார். விகனின் வரலாற்றில் அதுதான் முதல் பெரிய கோப்பை. மூன்று நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, அதே விகன் ஆர்சனலிடம் 4-1 என்று தோற்று பிரீமியர் லீகிலிருந்தே கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது.

சரி, அப்படியென்றால் விகன் நல்ல அணியா, மோசமான அணியா? லீகைக் கேட்டால் 20 அணிகளில் கடைசி மூன்றில் ஒன்று என்று சொல்லும். கோப்பையைக் கேட்டால் நாட்டிலேயே கடைசி வரை தோற்காமல் நின்ற அணி என்று சொல்லும். இரண்டும் உண்மைதான், ஏனென்றால் இரண்டும் கேட்கிற கேள்வியே வேறு. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால், 150 வருடத்துக்கும் மேலாக இங்கிலாந்துக்காரர்கள் இந்த நாக்-அவுட் போட்டியின் மீது ஏன் இவ்வளவு பாசம் வைத்திருக்கிறார்கள் என்பது தானாகவே விளங்கிவிடும். கால்பந்து இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள், பிரீமியர் லீக் மட்டும் கொஞ்சம் தெரியும் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

முதலில் லீக். பிரீமியர் லீகில் 20 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற 19 அணிகளோடு தன் ஊரில் ஒரு தடவை, எதிரணியின் ஊரில் ஒரு தடவை ஆடும், ஆக மொத்தம் 38 ஆட்டம். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா என்றால் 1. ஆகஸ்டிலிருந்து மே வரை இது நடக்கும். ஒரு நாள் நடுவர் தப்பாக ஒரு பெனால்டி கொடுத்துவிட்டார், ஒரு நாள் பந்து கம்பத்தில் பட்டு வெளியே போய்விட்டது, ஒரு நாள் கோல் கீப்பருக்குக் காய்ச்சல் என்று எது நடந்தாலும், 38 ஆட்டம் முடிகிறபோது இந்த அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். அதனால் லீகில் மேலே வருகிற அணி உண்மையிலேயே நல்ல அணியாகத்தான் இருக்கும். நியாயமான ஏற்பாடு. ஆனால் நியாயமாக இருப்பதாலேயே, சின்ன அணிகளுக்கு அங்கே இடம் கிடையாது.

நாக்-அவுட் நேரெதிர். இரண்டு அணிகள் மோதும், தோற்ற அணி வெளியே, ஜெயித்த அணி அடுத்த சுற்றுக்கு. புள்ளி கிடையாது, பட்டியல் கிடையாது, ‘அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது கிடையாது. ஒவ்வொரு ஆட்டமும் ஒரே ஒரு அணியை வெளியேற்றுகிறது என்பதால், 64 அணிகள் இருந்தால் ஒரு சாம்பியன் மிஞ்சுவதற்கு 63 ஆட்டம் போதும். லீக் மாதிரி 64 அணிகளும் ஒன்றோடொன்று இரண்டு தடவை ஆட வேண்டும் என்றால் 4,032 ஆட்டம் வேண்டியிருக்கும். கோப்பை இந்தக் கணக்கையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, ‘யார் சிறந்த அணி’ என்று கேட்காமல் ‘இன்றைக்கு மத்தியானம் யார் ஜெயிப்பது’ என்று மட்டும் கேட்கிறது.

இதில் கால்பந்து என்கிற ஆட்டத்தின் குணமும் சேர்ந்துகொள்கிறது. கூடைப்பந்தில் ஒரு ஆட்டத்துக்கு நூறு புள்ளி எடுப்பார்கள், அங்கே பலமான அணியின் பலம் எப்படியும் வெளியே வந்துவிடும். கால்பந்தில் மொத்தமே இரண்டு மூன்று கோல்தான். 80 நிமிடம் ஒரு அணியே பந்தை வைத்துக்கொண்டிருந்தாலும், மற்ற அணி ஒரே ஒரு தடவை எதிர்ப்பக்கம் ஓடி ஒரு கோல் போட்டுவிட்டால் எல்லாம் தலைகீழ். 2024 ஜனவரியில் மெய்ட்ஸ்டோன் யுனைடெட் என்கிற ஆறாவது அடுக்கு அணி, இரண்டாவது அடுக்கில் உச்சிக்குப் பக்கத்தில் இருந்த இப்ஸ்விச்சை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று சாய்த்தது. அன்றைக்கு இப்ஸ்விச் கோலை நோக்கி 38 முறை உதைத்தது, மெய்ட்ஸ்டோன் இரண்டே முறை. இரண்டும் கோல். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, கால்பந்தில் அது மற்ற விளையாட்டுகளைவிடக் கொஞ்சம் அடிக்கடியே சறுக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சின்ன அணி ஒரு பெரிய அணியை ஜெயிக்க பத்து சதவீதம்தான் வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க ரொம்பக் குறைவாகத் தெரியும். ஆனால் ஒரே வார இறுதியில் இந்த மாதிரி பத்து ஆட்டம் நடந்தால், அதில் ஏதாவது ஒன்றிலாவது சின்ன அணி ஜெயிப்பதற்கான வாய்ப்பு 65 சதவீதம். எந்த ஆட்டத்தில் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எங்கேயோ ஒரு இடத்தில் நடக்கப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த எதிர்பார்ப்புதான் கோப்பை வாரத்தின் ருசியே. அதே சமயம், அந்தச் சின்ன அணி இதே பத்து சதவீத வாய்ப்போடு ஆறு பெரிய அணிகளைத் தொடர்ந்து ஜெயித்துக் கோப்பையைத் தூக்க வேண்டும் என்றால், அது பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு. அதனால்தான் பெரிய அணி அடிவாங்குவதை வருடா வருடம் பார்க்கிறோம், ஆனால் கோப்பையைத் தூக்குவது பெரும்பாலும் பெரிய அணியாகவே இருக்கிறது. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம்.

அடுக்கு, பிரிவு என்றெல்லாம் சொல்லிவிட்டேன், அதை விளக்கிவிடுகிறேன். இங்கிலாந்துக் கால்பந்து ஒரு கோபுரம் மாதிரி கட்டப்பட்டது. உச்சியில் பிரீமியர் லீக், 20 அணி. அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, ஒவ்வொன்றிலும் 24. இந்த 92 கிளப்புகள்தான் முழுநேரத் தொழில்முறைக் கால்பந்தின் முக்கியமான வட்டம். அதற்கும் கீழே நேஷனல் லீக், அதற்குக் கீழே அதன் வடக்கு, தெற்குப் பிரிவுகள், அப்புறம் வட்டார லீகுகள் என்று இறங்கிக்கொண்டே போகும். இந்தக் கீழ்ப் பகுதியை மொத்தமாக ‘நான்-லீக்’ என்பார்கள். கீழே போகப் போக ஆட்டக்காரர்கள் பகலில் வேறு வேலைக்குப் போய்விட்டு, வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் பயிற்சிக்கு வருகிறவர்களாக இருப்பார்கள்.

எஃப்.ஏ. கோப்பையில் எழுநூறுக்கும் மேற்பட்ட கிளப்புகள் சேர்கின்றன. ஆகஸ்ட் மாதத்திலேயே, பிரீமியர் லீக் சரியாகச் சூடுபிடிப்பதற்கு முன்பே, ஏதோ ஒரு கிராமத்து மைதானத்தில் நூறு இருநூறு பேர் முன்னிலையில் முதல் தகுதிச் சுற்று தொடங்கிவிடும். இப்படி ஆறு தகுதிச் சுற்று. அதில் தப்பி வருகிற 32 அணிகளோடு லீக் ஒன், லீக் டூ அணிகள் 48 சேர்ந்து, நவம்பரில் ‘முதல் சுற்று’ என்று அதிகாரப்பூர்வமாக அழைக்கப்படுவது நடக்கும். 80 அணி 40 ஆகி, 40 அணி 20 ஆகி, ஜனவரியில் மூன்றாவது சுற்றுக்கு வரும்போது பிரீமியர் லீக், சாம்பியன்ஷிப் அணிகள் 44 பேரும் வந்து சேர்வார்கள். 20 + 44 = 64. இங்கிருந்துதான் உலகம் கவனிக்கத் தொடங்குகிறது. ஆனால் அந்த ஆகஸ்ட் கிராமத்து அணிக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் நடுவில் இருப்பது சில ஆட்டங்கள்தான், வேறு தடுப்புச் சுவர் எதுவும் கிடையாது என்பதை நினைத்துப் பாருங்கள். எனக்கு இந்தப் போட்டியில் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

இப்போது குலுக்கல். எஃப்.ஏ. கோப்பையில் தரவரிசை பார்த்து அணிகளைப் பிரித்து வைக்கும் பழக்கம் கிடையாது. பெரும்பாலான போட்டிகளில் பெரிய அணிகள் ஆரம்பத்திலேயே ஒன்றோடொன்று மோதிவிடக் கூடாது என்று தனித்தனியாக ஒதுக்கிவைப்பார்கள். இங்கே 64 அணிகளுக்கும் ஆளுக்கொரு எண், எண் எழுதிய 64 பந்து, எல்லாம் ஒரே பாத்திரத்தில். பழைய ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் வந்து ஒவ்வொன்றாக எடுப்பார்கள். முதலில் வருகிற எண் எந்த அணியோ அதன் ஊரில் ஆட்டம், இரண்டாவதாக வருகிற அணி அங்கே போக வேண்டும். லிவர்பூலும் ஆர்சனலும் மூன்றாவது சுற்றிலேயே மோதிக்கொள்ளலாம், ஆறாவது அடுக்கு அணியின் வாசலில் செல்சி வந்து நிற்கலாம். 1935இல் பிபிசி வானொலி இந்தக் குலுக்கலை நேரடியாக ஒலிபரப்பத் தொடங்கியது. பைக்குள் மரப்பந்துகள் ஒன்றோடொன்று உரசும் சத்தத்துக்காக நாடே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது. இன்றைக்கும் ஒரு சின்ன கிளப்பின் ஆட்டக்காரர்கள் தங்கள் கிளப் கட்டடத்தில் டிவி முன்னால் கூட்டமாக உட்கார்ந்து, தங்கள் எண்ணுக்கு அடுத்து எந்த எண் வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாரோடு மோதப்போகிறோம் என்று தெரிகிற அந்த நொடியில் அவர்கள் துள்ளிக் குதிப்பதைப் பார்க்க வேண்டும். ஆட்டம் நடக்கவே இன்னும் ஒரு மாதம் இருக்கும்.

யாருடைய ஊரில் ஆட்டம் என்பது சாதாரண விஷயம் இல்லை. 1949இல் யோவில் டவுன் என்கிற நான்-லீக் அணி, அன்றைக்குப் பணத்தை அள்ளி இறைத்து ஆட்டக்காரர்களை வாங்கிக்கொண்டிருந்த சண்டர்லண்டைத் தன் ஊருக்கு வரவழைத்தது. யோவிலின் அன்றைய மைதானம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் சரிவாக இருந்தது. சரிவில் ஆடிப் பழகியவனுக்குப் பந்து எங்கே உருளும் என்று தெரியும், புதிதாக வந்தவனுக்குத் தெரியாது. கூடுதல் நேரத்தில் 2-1 என்று யோவில் ஜெயித்தது. அடுத்த சுற்றில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 8-0. நான் மேலே சொன்ன கணக்கு இப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் யோவில்காரர்கள் இன்றைக்கும் பேசுவது அந்த எட்டு கோலைப் பற்றி அல்ல.

2021 ஜனவரியில் நடந்தது இன்னும் அழகு. லிவர்பூலுக்குப் பக்கத்தில் கிராஸ்பி என்கிற ஊரின் மரீன் அணி எட்டாவது அடுக்கில் இருந்தது. அவர்களுக்குக் குலுக்கலில் விழுந்தது பிரீமியர் லீகின் டாட்டன்ஹாம். இரண்டு அணிகளுக்கும் நடுவே 161 இடம் வித்தியாசம், கோப்பையின் வரலாற்றிலேயே பெரிய இடைவெளி. அந்த மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்க வீடுகளின் கொல்லைப்புறம். கோவிட் காலம் என்பதால் மைதானத்துக்குள் ரசிகர்களுக்கு அனுமதி இல்லை, ஆனால் தன் வீட்டுத் தோட்டத்தில் நிற்பவரை யார் தடுப்பது? வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு மக்கள் பார்த்தார்கள், வேலிக்கு இந்தப் பக்கம் டாட்டன்ஹாமின் அன்றைய பயிற்சியாளர் ஜோசே மொரினியோ உட்கார்ந்திருந்தார். ஒரு கோலும் விழாமல் இருந்தபோது மரீனின் நீல் கெங்னி தூரத்திலிருந்து உதைத்த பந்து டாட்டன்ஹாமின் குறுக்குக் கம்பத்தில் அடித்தது. அந்த ஒரு நொடி! கடைசியில் 5-0 என்று டாட்டன்ஹாம் ஜெயித்தது, அது எதிர்பார்த்ததுதான். நுழைவுச்சீட்டு வருமானம் போய்விட்டதே என்று மரீன் கிளப் பத்து பவுண்டுக்கு வெறும் பேருக்கான டிக்கெட் விற்றது, மைதானத்துக்குள் போக முடியாத டிக்கெட். 30,000க்கும் மேல் விற்றுப்போனது. அதில் கணிசமான டிக்கெட்டுகளை வாங்கியது டாட்டன்ஹாம் ரசிகர்கள்.

ஆனால் இந்தக் கோப்பையைப் பற்றிப் பேசினால் கடைசியில் எல்லாரும் வந்து நிற்பது 1972 பிப்ரவரி 5இல்தான். ஹெர்ஃபோர்ட் யுனைடெட், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்து ஊர், சதர்ன் லீகில் ஆடிய நான்-லீக் அணி. எதிரணி முதல் பிரிவின் (அன்றைக்கு உச்சி அடுக்கு அதுதான்) நியூகாசில் யுனைடெட், அதில் இங்கிலாந்துக்கு ஆடப்போகிற மால்கம் மெக்டொனால்டு. நியூகாசிலின் ஊரில் நடந்த முதல் ஆட்டத்தில் ஹெர்ஃபோர்ட் சில நொடிகளிலேயே கோல் போட்டு, 2-2 என்று டிரா செய்துவிட்டு வந்திருந்தது. அப்போதெல்லாம் டிரா என்றால் மறு ஆட்டம், ஊர் மாற்றி. மழையால் அந்த மறு ஆட்டம் திரும்பத் திரும்பத் தள்ளிப்போய், ஒருவழியாக அடுத்த சுற்று நடக்கிற நாளிலேயே நடந்தது. எட்கர் ஸ்ட்ரீட் மைதானம் சேறும் சகதியுமாகக் கிடந்தது, பதினாலாயிரத்துச் சொச்சம் பேர் நெருக்கியடித்து நின்றார்கள், இடம் கிடைக்காதவர்கள் மரத்தில் ஏறிப் பார்த்தார்கள். 82ஆவது நிமிடத்தில் மெக்டொனால்டு தலையால் ஒரு கோல் போட்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

சில நிமிடம் கழித்து ஹெர்ஃபோர்டின் ரானி ராட்ஃபோர்டு, தச்சு வேலை செய்து பிழைத்தவர், நடு மைதானத்தில் சேற்றுக்குள் ஒரு பந்தைப் போராடி எடுத்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துத் திரும்ப வாங்கினார். அந்தச் சேற்றில் பந்து உருள வேண்டிய இடத்தில் உருளாது, ஆனால் அன்றைக்கு அது சரியாக ஒரு துள்ளுத் துள்ளி அவர் காலுக்கு வந்தது. முப்பது கெஜ தூரத்திலிருந்து விட்டார் பாருங்கள், கோலின் மேல் மூலையில் போய்ச் சொருகியது. குளிருக்குக் கோட்டுப் போட்ட சின்னப் பையன்கள் நூற்றுக்கணக்கில் மைதானத்துக்குள் ஓடி வந்துவிட்டார்கள். கூடுதல் நேரத்தில் மாற்று ஆட்டக்காரர் ரிக்கி ஜார்ஜ் தரையோடு தரையாக ஒரு உதை உதைத்து இரண்டாவது கோலைப் போட, மறுபடியும் பையன்கள் உள்ளே. பிபிசி அங்கே அனுப்பியிருந்தது ஜான் மாட்சன் என்கிற இளம் வர்ணனையாளரை. பெரிதாக ஒன்றும் நடக்காது என்று நினைத்து அனுப்பிய ஆட்டம், அன்றைய இரவு நிகழ்ச்சியின் முக்கிய ஆட்டமாகிவிட்டது, மாட்சனின் பேரும் நிலைத்துவிட்டது. ஹெர்ஃபோர்ட் அடுத்த சுற்றில் வெஸ்ட் ஹாமிடம் மறு ஆட்டத்தில் தோற்றது, ஆனால் அந்தக் கோடையிலேயே அந்த அணியைத் தேர்ந்தெடுத்து, நான்-லீகுக்கு மேலே இருந்த ஃபுட்பால் லீகில் சேர்த்துக்கொண்டார்கள். ராட்ஃபோர்டு 2022இல் காலமானபோது, ஐம்பது வருடம் கழித்தும், எல்லாத் தொலைக்காட்சிகளும் போட்டது அந்த ஒரு உதையைத்தான். இணையத்தில் தேடினால் கிடைக்கும், கட்டாயம் பாருங்கள்.

இது எப்படித் தொடங்கியது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஃப்.ஏ. என்பது ஃபுட்பால் அசோசியேஷன், 1863இல் லண்டனில் தொடங்கிய சங்கம். அதன் செயலாளர் சார்லஸ் ஆல்காக், தான் படித்த ஹாரோ பள்ளியில் விடுதிகளுக்கிடையே நடந்த நாக்-அவுட் போட்டியை மனதில் வைத்து, 1871இல் கிளப்புகளுக்கும் அப்படி ஒன்று நடத்தலாம் என்றார். முதல் வருடம் பெயர் கொடுத்தது 15 அணிகள். 1872 மார்ச்சில் கென்னிங்டன் ஓவலில் இறுதிப் போட்டி, ஆமாம், கிரிக்கெட்டில் நாம் கேள்விப்படுகிற அதே ஓவல்தான். வாண்டரர்ஸ் அணி ராயல் இன்ஜினியர்ஸ் என்கிற ராணுவ அணியை 1-0 என்று வென்றது. வாண்டரர்ஸின் கேப்டனும் ஆல்காக்தான். இதே மனிதர்தான் பிற்பாடு, 1880இல், இங்கிலாந்து மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் கிரிக்கெட் போட்டிக்கும் ஏற்பாடு செய்தவர்.

ஆரம்ப வருடங்களில் கோப்பை பணக்காரப் பள்ளிகளில் படித்தவர்கள் கையில்தான் சுற்றியது. அதை உடைத்தது 1883. லங்காஷயரின் பஞ்சாலை ஊரிலிருந்து வந்த பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி, ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்களான ஓல்டு ஈட்டோனியன்ஸை 2-1 என்று கூடுதல் நேரத்தில் தோற்கடித்தது. வெற்றி கோலைப் போட்ட ஜிம்மி காஸ்ட்லி நூற்பாலைத் தொழிலாளி. அதற்குப் பிறகு அந்த மாதிரிப் பழைய மாணவர் அணி எதுவும் இந்தக் கோப்பையை வென்றதே கிடையாது. சின்னவன் பெரியவனைச் சாய்ப்பது இந்தப் போட்டியின் ரத்தத்திலேயே ஊறியது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். (முதல் கோப்பை, அதாவது அந்த வெள்ளிப் பாத்திரம், 1895இல் பர்மிங்காமில் ஒரு கடையின் காட்சி ஜன்னலிலிருந்து திருட்டுப் போனது. திரும்பக் கிடைக்கவே இல்லை.)

இனி, மனசுக்கு வருத்தமான விஷயம். மறு ஆட்டம் என்று ஹெர்ஃபோர்ட் கதையில் சொன்னேனே, ரீப்ளே, அது இப்போது கிடையாது. ஒரு காலத்தில் முடிவு தெரிகிறவரை ஆடிக்கொண்டே இருப்பார்கள். 1971இல் ஒரு தகுதிச் சுற்றில் ஆல்வ்சர்ச்சும் ஆக்ஸ்ஃபோர்டு சிட்டியும் ஆறு ஆட்டம் ஆடித்தான் முடிவு கண்டார்கள், மொத்தம் 11 மணி நேரம். அப்புறம் ஒரே ஒரு மறு ஆட்டம், அதிலும் டிரா என்றால் பெனால்டி ஷூட்-அவுட் என்று ஆனது. 2024-25 சீசனிலிருந்து முதல் சுற்று முதலே மறு ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஐரோப்பியப் போட்டிகள் பெருத்துவிட்டன, ஆட்டக்காரர்கள் களைத்துப்போகிறார்கள், காலண்டரில் நாள் இல்லை என்பது அவர்கள் தரப்பு, அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சின்ன கிளப்புகளுக்கு இதில் போனது வெறும் ஆட்டம் இல்லை, பணம். கோப்பை ஆட்டத்தின் டிக்கெட் வசூலில் இரண்டு அணிகளுக்கும் சம பங்கு உண்டு. 2005 ஜனவரியில் கடனில் மூழ்கி நான்-லீகில் கிடந்த எக்ஸெட்டர் சிட்டி, மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் 67,000க்கும் மேற்பட்ட கூட்டத்துக்கு முன்னால் அவர்களோடு 0-0 என்று டிரா செய்தது. அந்த வசூலில் பங்கு, அப்புறம் தன் ஊரில் மறு ஆட்டம், அதற்கான டிவி பணம். மறு ஆட்டத்தில் 2-0 என்று தோற்றது, ஆனால் அந்த இரண்டு ஆட்டத்தின் பணம்தான் கிளப்பை மூச்சுவிட வைத்தது. ரசிகர்களே சேர்ந்து நடத்துகிற கிளப் அது, இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. அன்றைக்கு இப்போதைய விதி இருந்திருந்தால் அந்த இரண்டாவது வசூல் கிடைத்தே இருக்காது. மறு ஆட்டத்தை எடுத்தது தப்பு என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

‘கோப்பையின் மவுசு குறைந்துவிட்டது’ என்ற பேச்சும் நெடுநாளாக உண்டு. 1999-2000 சீசனில் நடப்புச் சாம்பியனான மான்செஸ்டர் யுனைடெட் பிரேசிலில் நடந்த கிளப் உலகப் போட்டிக்காகக் கோப்பையிலிருந்தே விலகிக்கொண்டது. பெரிய கிளப்புகளுக்கு லீகில் முதல் நான்கு ஐந்து இடங்களுக்குள் வந்து, ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீகுக்குப் போவதில்தான் கோடிகள் கொட்டுகின்றன, அதனால் ஆரம்பச் சுற்றுகளில் முக்கிய ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மற்றவர்களை இறக்குவார்கள். இன்னொரு புள்ளிவிவரம்: 1996 முதல் 2025 வரை 30 கோப்பைகள். அதில் மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல், செல்சி, லிவர்பூல், மான்செஸ்டர் சிட்டி ஆகிய ஐந்து கிளப்புகளைத் தவிர்த்து வேறு யாராவது ஜெயித்தது நான்கே தடவை: போர்ட்ஸ்மத் 2008, விகன் 2013, லெஸ்டர் 2021, கிரிஸ்டல் பாலஸ் 2025. இரண்டாவது அடுக்கு அணி ஒன்று கடைசியாக வென்றது 1980இல், வெஸ்ட் ஹாம்.

இந்தக் குறைகள் எல்லாம் உண்மை. ஆனால் பெரிய கிளப்பின் கண்ணால் மட்டும் பார்த்தால்தான் கோப்பை இளைத்துப்போனதாகத் தெரியும். இங்கிலாந்தில் பெரும்பாலான ரசிகர்களின் அணி வாழ்நாளில் லீகை வெல்லப்போவதில்லை, அது அவர்களுக்கே தெரியும். அவர்களுக்கு மிச்சமிருக்கிற ஒரே கதவு நாக்-அவுட்தான். 2025 மே 17இல் கிரிஸ்டல் பாலஸ் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்றபோது (எபெரெச்சி எஸெ கோல் போட்டார், கீப்பர் டீன் ஹெண்டர்சன் ஒரு பெனால்டியைத் தடுத்தார்) அது அந்தக் கிளப்பின் முதல் பெரிய கோப்பை. 1990இலும் 2016இலும் இறுதிப் போட்டி வரை வந்து தோற்றுத் திரும்பியவர்கள். தாத்தா காலத்திலிருந்து தென் லண்டனில் அந்த அணியைப் பின்தொடர்ந்த குடும்பங்களுக்கு, அன்றைக்கு மத்தியானம் கிடைத்ததை லீகில் எட்டாவது இடம் ஒன்பதாவது இடம் எதுவும் தந்துவிட முடியாது.

எஃப்.ஏ. கோப்பையோடு குழப்பிக்கொள்ளக் கூடிய இன்னொன்றும் உண்டு, லீக் கோப்பை. ஸ்பான்சர் பெயரில் அவ்வப்போது வேறு வேறு பெயர் வரும். 1960இல் தொடங்கியது, மேலே சொன்ன 92 கிளப்புகளுக்கு மட்டும், நான்-லீக் அணிகளுக்கு இடமில்லை. அரையிறுதி மட்டும் இரண்டு ஆட்டமாக, ஆளுக்கொரு ஊரில் நடக்கும், இறுதிப் போட்டி பிப்ரவரி மார்ச்சிலேயே முடிந்துவிடும். தம்பி கோப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 2025 மார்ச்சில் நியூகாசில் இதை வென்றபோது, உள்நாட்டில் ஒரு பெரிய கோப்பைக்கான 70 வருடக் காத்திருப்பு முடிந்தது. லிவர்பூலுக்கு எதிராக முதல் கோலைத் தலையால் அடித்தவர் டேன் பர்ன். பக்கத்து ஊரான பிளைத்தில் பிறந்து, நியூகாசிலின் சிறுவர் அணியிலிருந்து வேண்டாம் என்று அனுப்பப்பட்டவர். தம்பி கோப்பை என்று அந்த ஊரில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை, இறுதிப் போட்டியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஜனவரியில் மூன்றாவது சுற்றிலிருந்து ஆரம்பியுங்கள். குலுக்கல் முடிவை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு நான்-லீக் அணி தன் ஊரில் பிரீமியர் லீக் அணியோடு மோதுகிற ஆட்டம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதுதான் உங்கள் ஆட்டம். முதல் இருபது நிமிடம் சின்ன அணி கோல் வாங்காமல் தாக்குப்பிடிக்கிறதா என்று பாருங்கள். தாக்குப்பிடித்துவிட்டால் பெரிய அணியின் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ள ஆரம்பிப்பார்கள், கூட்டத்தின் சத்தம் மாறும், ஒவ்வொரு கார்னருக்கும் ஒரு கோலுக்கான ஆரவாரம் எழும். பெரும்பாலான நாட்களில் எழுபதாவது நிமிடம் வாக்கில் களைப்பு தட்டி, பெரிய அணி ஒரு கோல் போட்டுவிடும், அதோடு முடிந்துவிடும். சில நாட்களில் முடியாது.